மணிக்கட்டு முறிவு: ஆபரேஷனும் அதற்கு அப்புறமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ராமநாதபுரம் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வருகிற கைகளில் பாதி கடற்கரைக் கைகள். படகிலிருந்து ஜெட்டிக்குத் தாவும்போது வழுக்கியவர், கடல்பாசி எடுக்கப் போய்ப் பாறையில் கை ஊன்றியவர், பனையிலிருந்து சறுக்கியவர், ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரப் பிராகாரத்தில் விழுந்த வெளியூர்க்காரர். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருத்தரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் இங்கே எழுதிப் போடுகிறேன். உங்கள் எலும்பு டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள், எக்ஸ்ரே அவர் கையில் இருக்கிறது, என் கையில் இல்லை.

விழுந்ததில் கை வீங்கிவிட்டது. சுளுக்கா முறிவா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியாது. "விரல் அசையுது, அப்போ உடையலை" என்று பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருத்தர் தீர்ப்பு சொல்லிவிடுவார், அதை நம்பிப் பத்து நாள் கழித்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விரலை இழுக்கும் தசைகளில் பெரியவை எல்லாம் முன்கையில் இருக்கின்றன, அங்கிருந்து தசைநாண்கள் கயிறு மாதிரி மணிக்கட்டைத் தாண்டி விரலுக்குப் போகின்றன. அதனால் மணிக்கட்டு எலும்பு உடைந்திருந்தாலும் விரல் அசையத்தான் செய்யும். கை பின்பக்கமாக மடங்கி, பக்கவாட்டில் பார்த்தால் முள்கரண்டி வைத்த மாதிரி வளைந்து தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். வளைவு இல்லாவிட்டாலும் வீக்கமும் தொட்டால் துள்ளுகிற வலியும் இருந்தால் எக்ஸ்ரே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

அதற்கு முன் செய்ய வேண்டியது: மோதிரம், வளையல், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். இதை நான் கற்றுக்கொண்டது என் அம்மாவிடம். பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தார். நாங்கள் எல்லோரும் ஆட்டோ பிடிப்பதிலும் சித்திக்குப் போன் போடுவதிலும் இருந்தோமே தவிர, இத்தனை பேர் கையைப் பார்க்கிற நானே மோதிரத்தை மறந்தேன். சாயங்காலம் விரல் வெண்டைக்காய் கணக்காக வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்து, நகம் நீலம் பாரித்துவிட்டது. கடைசியில் மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். எலும்பு உடைந்ததற்கு அழாத அம்மா அதற்கு அழுதார்.

எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது. நாலாக மடித்த செய்தித்தாளையோ அட்டையையோ அடியில் கொடுத்துத் துண்டால் கட்டி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பனையிலிருந்து விழுந்தவர் என்றால் கையை மட்டும் பார்த்து நின்றுவிடாமல் முதுகும் குதிகாலும் வலிக்கிறதா என்று கேளுங்கள், அவரை நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

உடைவது எந்த எலும்பு?

பெரும்பாலும் முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஆரை எலும்பு, அதன் மணிக்கட்டு ஓரம். விழும்போது கையை நீட்டி ஊன்றுவது மனுஷ சுபாவம், உடம்பு பாரம் முழுக்க அந்த ஒரு இடத்தில் இறங்குகிறது. இந்த முறிவை 1814-லேயே டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் விவரமாக எழுதிவிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடித்தது 1895-ல். அதாவது 81 வருஷம் முன்னால், வெறுமனே தொட்டுப் பார்த்தே சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி எலும்பு, பெயர் ஸ்கேபாய்டு, படகு என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர், தமிழில் படகெலும்பு. நம் ஊரில் அதற்கு மரியாதை கொடுக்க வேண்டாமா? ஆனால் ஏமாற்றுகிற எலும்பு. முதல் நாள் எக்ஸ்ரேயில் சில சமயம் தெரியாது. கட்டைவிரலை விறைப்பாக நீட்டினால் அதன் அடியில் ஒரு குழி விழும், அங்கே அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் கட்டுப் போட்டு, பத்துப் பதினாலு நாள் கழித்து இன்னொரு முறை படம் எடுப்பார்கள். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு, விட்டால் சேராமலே போகும். இளவயதுப் பையன்களில் இது அதிகம், "சுளுக்குதானே" என்று மறுபடி படகேறிவிடுவதும் அவர்கள்தான்.

நாட்டுக்கட்டு போட்டால் ஆகாதா? எங்கள் தாத்தாவுக்கு அதில்தான் சரியானது.

ஆகியிருக்கும். எலும்பு விலகாமல் வெறும் கீறலாக இருந்தால் எந்தக் கட்டுப் போட்டாலும் சேரும், சேர்வது எலும்பின் குணம். விலகிய எலும்பும் சேரும், ஆனால் கோணலாகச் சேரும். உள்ளே விலகியிருக்கிறதா இல்லையா என்று முட்டை வெள்ளைக்கருவுக்கும் உளுந்து மாவுக்கும் தெரியாதே. எலும்புக் கட்டுக்குப் பேர்போன ஆந்திராவின் புத்தூர் வரை பஸ் ஏறிப் போகிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை, முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நான் பயப்படுவது மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவதற்குத்தான். உள்ளே வீக்கம் ஏற ஏற, வெளியே கட்டு இளகாமல் இருந்தால் ரத்தம் நின்றுபோகும். ஆறு மணி நேரம் ரத்தம் இல்லாமல் கிடந்த தசை திரும்பாது, கை நண்டுக்கால் மாதிரி மடங்கி நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டுக்கும் இதே விதிதான்: விரல் மரத்து, நீலம் பாரித்து, விரலை நீட்டினாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் நடு ராத்திரி ஆனாலும் போய்க் கட்டைப் பிளந்துவிடச் சொல்ல வேண்டும்.

முறிவு என்றாலே ஆபரேஷனா?

இல்லை. மரக்க ஊசி போட்டு, இழுத்து நேராக்கி, மாவுக்கட்டில் ஐந்தாறு வாரம் வைத்தாலே நிறையப் பேருக்குப் போதும். நேராக்கிய பிறகு எடுத்த படத்தில் எலும்பு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு. பின்பக்கச் சாய்வு 10 டிகிரிக்கு மேல், நீளம் 3 மி.மீ.க்கு மேல் குறைந்திருப்பது, மூட்டு மேற்பரப்பில் 2 மி.மீ.க்கு மேல் படி விழுந்திருப்பது, இவையெல்லாம் ஆபரேஷன் பக்கம் தள்ளும் அளவுகள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலோ, நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போய் அது தெளியாமல் இருந்தாலோ அளவெல்லாம் பார்ப்பதில்லை.

கட்டுப் போட்டவர்கள் ஒரு வாரத்திலும் இரண்டாவது வாரத்திலும் மறுபடி எக்ஸ்ரேக்குப் போக வேண்டும். வீக்கம் வற்றினால் கட்டு தொளதொள என்று ஆகி, நேராக்கிய எலும்பு உள்ளேயே நழுவிவிடும். "வலி இல்லை, எதுக்கு மறுபடி போகணும்" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் ஆறாவது வாரம் கோணல் கையோடு வருகிறார்கள்.

வயது 65 தாண்டியவர்கள் விஷயம் வேறு. ஆபரேஷன் செய்தவர்களையும் கட்டு மட்டும் போட்டவர்களையும் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், வேலை செய்கிற திறனில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. கை லேசாக வளைந்து தெரியும், ஆனால் சோறு வடிப்பார், பூ கட்டுவார், பேரனைத் தூக்குவார். பிள்ளைகளுக்குத்தான் அந்த வளைவு கண்ணை உறுத்தும். இதையும் ஒரே கோலால் அளக்க முடியாது, அறுபத்தேழு வயதிலும் தினம் தீவுப் பக்கம் போய்ப் பாசி எடுக்கிற அம்மாவின் கையும் வீட்டோடு இருக்கிறவர் கையும் ஒன்றல்ல. என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். "வீட்டு வேலை" என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காதீர்கள்.

கம்பியா, பிளேட்டா? பிளேட் என்றால் உசத்தியா?

மெல்லிய கம்பிகளைத் தோல் வழியாகச் செலுத்தி எலும்பைப் பிடித்து நிறுத்துவது ஒன்று. கம்பி முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மேலே மாவுக்கட்டு இருக்கும், 4 முதல் 6 வாரத்தில் ஓபியிலேயே உருவிவிடுவார்கள். பயந்துகொண்டு வருகிறவர்கள் "அவ்வளவுதானா" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பிளேட் என்பது உள்ளங்கைப் பக்கம் சுமார் மூன்று அங்குலம் கீறி, எலும்பின் மேல் தகடு வைத்து ஸ்குரூ முடுக்குவது. மூட்டு மேற்பரப்பு பல துண்டாகச் சிதறியிருந்தால் பிளேட்தான் வசதி. எலும்பு தூள்தூளாகப் போயிருந்தாலோ காயம் திறந்து அழுக்காக இருந்தாலோ வெளியே சட்டம் மாட்டி நிறுத்துவதும் உண்டு.

பிளேட்டின் லாபம், கையைச் சீக்கிரம் அசைக்கலாம். ஆனால் வெளியில் இழுத்தே நேராக்க முடிந்த முறிவுகளில் 461 பேரை வைத்து பிரிட்டனில் செய்து 2014-ல் வெளியான ஆய்வில், ஒரு வருஷம் கழித்துக் கம்பிக்காரருக்கும் பிளேட்காரருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் கம்பி போட்டவர் "மட்டமான வைத்தியம் பண்ணிட்டாங்க" என்று குமைய வேண்டியதில்லை. கம்பி வைத்தவர்கள் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும்: அந்த முனைகளில் தண்ணீர் படக் கூடாது. உப்புத் தண்ணீர், மீன் கழுவுகிற தண்ணீர், ஐஸ் பெட்டித் தண்ணீர் எதுவும் ஆகாது.

எவ்வளவு நாளுக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும்? இந்தச் சீசன் முடியட்டுமா?

ஓரிரு நாள் தாமதத்தால் ஒன்றும் ஆகாது, வீக்கம் வடியட்டும் என்று டாக்டரே காத்திருப்பார். இரண்டு வாரத்துக்குள் முடிந்தால் நல்லது. மூன்று வாரம் தாண்டினால் எலும்பு கோணலாகவே ஒட்டத் தொடங்கிவிடும், மறுபடி பிரித்துச் செய்வது பெரிய வேலை. சீசனுக்காகக் காத்திருக்காதீர்கள்.

காயம் திறந்திருந்தால் அன்றைக்கே. அப்போது மறக்காமல் "கடல் தண்ணீர் பட்டது" என்றோ "மீன் முள் குத்தியது" என்றோ சொல்லுங்கள். கடலில் இருக்கும் சில கிருமிகளுக்கு வழக்கமான மருந்து போதாது, அது தெரிந்தால் டாக்டர் மருந்தை மாற்றுவார்.

ஆபரேஷன் அன்று என்ன நடக்கும்?

சாப்பாடு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள், டீயும் சாப்பாட்டுக் கணக்குதான். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்காமல் கழுத்து அல்லது அக்குள் பக்கம் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்வார்கள். வேலை ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். கை ராத்திரி வரை யாரோ ஒருவர் கை மாதிரி கிடக்கும், கட்டிலில் இடித்தாலும் தெரியாது, ஜாக்கிரதை. மரப்பு விட ஆரம்பிக்கும்போதே வலி மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். முழுக்கத் தெளிந்த பிறகு போட்டால் அந்த ராத்திரி தூக்கம் போச்சு.

முதல் இரண்டு வாரம் என்ன செய்ய வேண்டும்?

விரலை மடக்கி நீட்ட வேண்டும். ஆபரேஷன் முடிந்து மரப்பு தெளிந்ததுமே, கட்டு இருக்கும்போதே. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

என்னிடம் வருகிற கஷ்டமான கைகளில் பெரும்பாலானவற்றில் எலும்பு அழகாகச் சேர்ந்திருக்கும், எக்ஸ்ரேயைச் சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் ஆறு வாரம் விரலை அசைக்காமல் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்ததில் ஐந்து விரலும் கட்டையாகிப் போயிருக்கும். வீங்கிய விரலை அசைக்காமல் விட்டால் அந்த வீக்கமே பசை மாதிரி இறுகிவிடும். பாம்பன் பக்கத்து வலைக்காரர் ஒருவர், கையில் அருமையாகப் பிளேட் வைத்திருந்தார்கள், ஆறாவது வாரம் வந்தபோது பீடிக்கட்டைக்கூடப் பிடிக்க முடியவில்லை. "அசைச்சா பிளேட் நழுவிடும்னு நெனச்சேன் சார்" என்றார். யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. விரலை மடக்கினால் பிளேட் நழுவாது, கம்பியும் நழுவாது.

எப்படி? விரல்களை நேராக நீட்டுங்கள். நுனி இரண்டு கணுவை மட்டும் கொக்கி மாதிரி மடக்குங்கள். அப்புறம் முழுசாக முஷ்டி. அப்புறம் விரல்களை விரியுங்கள், சேருங்கள். கட்டைவிரலால் மற்ற நாலு விரல் நுனியையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஒவ்வொன்றும் பத்து முறை, விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை. பள்ளிவாசல் பாங்கோ சர்ச் மணியோ கோயில் மணியோ கேட்கும்போதெல்லாம் செய்யுங்கள் என்பேன், நம் ஊரில் ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டேதான் இருக்கும். முழங்கையையும் தோளையும் அசையுங்கள், கையை உச்சந்தலைக்கு மேலே தூக்குங்கள். கழுத்தில் மாட்டிய பட்டையிலேயே கை கிடந்தால் தோள் பூட்டிக்கொள்ளும். தூங்கும்போது இரண்டு தலையணை மேல் கை.

தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். புண் முழுக்க ஆறும்வரை கடல் வேண்டாம்.

எப்போது பயப்பட வேண்டும்?

தையலிலோ கம்பி முனையிலோ சீழ், காய்ச்சல். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் மரத்துப்போய் ராத்திரியில் சுருக் சுருக்கென்று குத்துவது. நாளாக நாளாக வலி குறையாமல் கூடிக்கொண்டே போய், கை பளபளவென்று வீங்கி, வியர்த்து, நிறம் மாறி, துணி உரசினாலே எரிவது. இந்தக் கடைசியைச் சீக்கிரம் பிடித்தால் சரிசெய்யலாம், விட்டால் மாதக்கணக்கில் படுத்தும். இன்னொன்று, உள்ளங்கையை மேசையில் விரித்து வைத்துக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள், நேற்று வரை வந்தது இன்று வரவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம், ஆபரேஷனே செய்யாத சின்ன முறிவிலும் சில வாரம் கழித்து இது நடக்கும்.

எப்போது கடலுக்குப் போகலாம்?

நம் ஆட்களுக்குப் புரிகிற அளவு ஒன்று உண்டு, மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், சித்திரை பிறந்ததிலிருந்து ஆனி பிறக்கும்வரை. தடைக்காலத்தின் முதல் நாள் கை உடைந்து உடனே ஆபரேஷன் ஆனது என்று வையுங்கள். படகுகள் மறுபடி கிளம்பும் நாளில் எலும்பு ஏறக்குறைய சேர்ந்திருக்கும். ஆனால் பிடி வந்திருக்காது. ஆறேழு வாரம் சும்மா கிடந்த முன்கைத் தசை சூம்பியிருக்கும், ஈர வலையை இழுக்கிற பலம் அதில் இல்லை. நான் மூன்று மாதம் சொல்கிறேன், வலையை இழுக்கும் விஞ்ச் இயந்திரத்துப் பக்கம் நிற்கிறவர்களுக்கு நாலு. முழுப் பலம் வர ஒரு வருஷம்கூட ஆகும்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு: முதல் ஆறு வாரம் டீ டம்ளர், சாப்பாட்டுத் தட்டு, அதற்கு மேல் எடை வேண்டாம். ஒரு குடம் தண்ணீர் பதினைந்து கிலோ. தள்ளுவண்டியில் ஆறு குடம் வைத்துத் தள்ளுகிற பெண்களிடம் "கனம் தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு இருந்தால் அது கேலி. அதனால் கூடவே வந்த வீட்டுக்காரரிடம் "மூணு மாசம் தண்ணி நீங்கதான்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். பைக் ஓட்டுவது, பிரேக்கை அழுத்திப் பிடிக்க முடிகிறதா என்பதைப் பொறுத்தது. ஆறு எட்டு வாரத்துக்கு முன்னால் கேட்கவே வேண்டாம்.

கட்டுப் பிரித்தாயிற்று, மணிக்கட்டு திரும்பவே மாட்டேன் என்கிறதே?

எல்லோருக்கும் அப்படித்தான். பிளேட் போட்டவர்கள் டாக்டர் சரி சொன்னால் இரண்டாவது வாரத்திலேயே மெதுவாகத் தொடங்கலாம், மற்றவர்கள் கட்டு பிரித்த பிறகு. கையை வெந்நீரில் பத்து நிமிஷம் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கும்பிட்டு, அப்படியே முழங்கைகளை உயர்த்துங்கள். பின்னால் சாய்கிற அசைவுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. கஷ்டமானது உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்புவது. தீர்த்தம் வாங்க, துஆ கேட்க, கண்டக்டரிடம் சில்லறை வாங்க, எல்லாவற்றுக்கும் அதுதான். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, கரண்டியை நடுவில் பிடித்து இரு பக்கமும் சாயுங்கள். முழங்கை விலகினால் தோள் ஏமாற்றுகிறது என்று அர்த்தம். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு யாராவது அமுக்கிவிடும் வேலை வேண்டாம், நான் அமுக்கினாலும் திட்டுங்கள். ஈரத் துண்டைப் பிழிந்து தண்ணீர் சொட்டவிட முடிகிற நாளில் பாதிக்கு மேல் தேறிவிட்டீர்கள்.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் முதல் வருஷம் கொஞ்சம் குடையும். அது போகும்.

மீன் சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும் என்கிறார்களே?

வைக்காது. மீன், முட்டை, பருப்பு எல்லாம் சாப்பிடுங்கள், புண் ஆறவும் எலும்பு சேரவும் புரதம் வேண்டும். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் நல்ல சுண்ணாம்புச் சத்து, கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல். ஆட்டுக்கால் சூப் ருசிக்குக் குடியுங்கள், அதில் சுண்ணாம்புச் சத்து நாம் நினைக்கிற அளவு கிடையாது. பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை மூன்றும் எலும்பு சேர்வதைத் தள்ளிப்போடும்.

அம்மா நின்ற இடத்தில் விழுந்ததற்கே உடைந்துவிட்டது. இது சகஜமா?

ஐம்பது தாண்டிய பெண்களில் சகஜம்தான், ஆனால் சும்மா விடக் கூடாது. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு மெலிந்துகொண்டே போகும், அது காட்டும் முதல் அறிகுறி பல நேரம் இந்த மணிக்கட்டு முறிவு. அடுத்து இடுப்பு, முதுகெலும்பு. எலும்பு அடர்த்தி ஸ்கேன், வைட்டமின் டி இரண்டையும் டாக்டரிடம் கேளுங்கள். வெயில் கொளுத்துகிற ஊரில் வைட்டமின் டி குறையுமா என்று சிரிக்க வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருக்கிறவர்களுக்குக் குறைகிறது.

செலவுக்கு என்ன வழி?

ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது, இதற்காக மதுரைக்கு ஓடியே ஆக வேண்டும் என்றில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும்போதே காட்டுங்கள், டிஸ்சார்ஜ் அன்று காட்டினால் அலைச்சல். விபத்து சாலையில் என்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை சேரும். வீட்டைவிட்டு வர முடியாத பெரியவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் பிசியோதெரபி வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பிளேட்டை எப்போது எடுப்பது? துபாய் போகிறேன், ஏர்போர்ட்டில் சத்தம் போடுமா?

தொந்தரவு இல்லையென்றால் எடுக்கவே வேண்டாம். விரலை மடக்கும்போது உள்ளே உரசுகிற மாதிரி இருந்தால் மட்டும் காட்டுங்கள், தசைநாணைத் தேய்க்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏர்போர்ட்டில் பெரும்பாலும் சத்தம் வராது. டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஒன்றைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக் காற்றில் பிளேட் துருப்பிடிக்குமா?

சிரிக்காதீர்கள், மாதம் ஒருத்தராவது கேட்கிறார்கள், கீற்றுக் கொட்டகைக் கம்பி முதல் பைக் சைலன்சர் வரை துருவேறிப் போவதைப் பார்க்கிற ஊரில் நியாயமான கேள்விதான். பிடிக்காது. இப்போது வைப்பது பெரும்பாலும் டைட்டானியம் அல்லது துருப்பிடிக்காத எஃகு, தோலும் தசையும் மூடியபின் கடற்காற்று அதைத் தொடுவதே இல்லை. அதுபோக நம் ரத்தமே உப்புத் தண்ணீர்தான், லிட்டருக்குச் சுமார் ஒன்பது கிராம் உப்புக்கு ஈடான கரிப்பு. கடலில் முப்பத்தைந்து கிராம். அந்த உப்பில் வருஷக்கணக்காகக் கிடக்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.